நேற்றுவரை ஓடிய மேக்ரோ: நிரல் தெரியாதவர் பிழையைத் தேடும் வழி

எக்செல் கோப்பில், அன்றாட வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் சிறு நிரலான மேக்ரோவின் பட்டனை அழுத்தியதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. 'ரன்-டைம் எரர் 9, சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்கிறது. அதன் கீழே 'எண்ட்' என்றும் 'டீபக்' என்றும் பட்டன்கள். நேற்று மாலை வரை இதே மேக்ரோ ஒழுங்காக வேலை செய்தது. அதை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரலில் யாரும் கைவைக்கவும் இல்லை. பெரும்பாலானோர் இந்த இடத்தில் 'எண்ட்' அழுத்தி மூடிவிட்டு, மேக்ரோ கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, அன்றைய பதிவுகளைக் கையாலேயே போடத் தொடங்குவார்கள்.

மேக்ரோ தானாகக் கெட்டுப்போகாது. எழுதிய எழுத்து எழுதியபடியே இருக்கிறது. மாறியது அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று. யாரோ தாளின் பெயரைத் திருத்தியிருக்கலாம், நடுவில் ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கலாம், கணினி மாறியிருக்கலாம், புதிதாக வந்த தரவு வேறு மாதிரி இருக்கலாம். நிரல் எழுதப் படிக்காத ஒருவனாக இந்தக் கோப்புகளோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: மேக்ரோ கோளாறுகளில் பெரும்பங்கு, நிரலும் தாளும் சந்திக்கிற இடத்தில்தான் பிறக்கிறது. அந்தத் தாளை நன்றாக அறிந்தவர் அதில் தினமும் வேலை செய்பவர். ஆகவே தேடலில் பாதித் தூரத்தை அவர் யார் துணையும் இல்லாமல் கடந்துவிட முடியும்.

மேக்ரோவுக்குத் தெரிந்த தாள்

விரிதாளுக்கு மேக்ரோ வந்த கதையிலேயே இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. 1979-இல் வந்த விசிகால்க்தான் தனிக்கணினிக்கான முதல் விரிதாள். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் மேக்ரோ என்றால், நாம் விசைப்பலகையில் அடிக்கும் விசைகளை வரிசையாக எழுதி வைத்து மறுபடி ஓட்டுவது. 1993-இல் எக்செல் 5 பதிப்போடு வி.பி.ஏ. என்ற முழுமையான நிரல்மொழி வந்துவிட்டது. ஆனாலும் எக்செலில் இன்றைக்கும் 'ரெக்கார்ட் மேக்ரோ' அழுத்திப் பதிவு செய்தால் நடப்பது அந்தப் பழைய வேலையின் வாரிசுதான். நீங்கள் 'சி' நெடுவரிசையில் 2-ஆம் கட்டத்தைச் சொடுக்கினால், 'சி2-வைத் தேர்ந்தெடு' என்று எழுதிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் தொலைபேசி எண் இருந்தது என்பதோ, அதனால்தான் அதைச் சொடுக்கினீர்கள் என்பதோ அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. கட்டத்துக்குள் நாம் எழுதும் சூத்திரம், தாள் நகர்ந்தால் தானும் நகரும். 'சி2'-வைக் கூட்டும் ஒரு சூத்திரம் இருந்து, 'சி'-க்கு முன்னால் ஒரு நெடுவரிசை செருகப்பட்டால், அது தானாகவே 'டி2' என்று மாறிக்கொள்ளும். இந்த வசதிக்குப் பழகிய நம் மனம் மேக்ரோவும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறது. நிரலுக்குள் மேற்கோள்குறிக்குள் இருக்கும் 'சி2' வெறும் எழுத்து. நெடுவரிசையைச் செருகினாலும் நீக்கினாலும் அது 'சி2' என்றேதான் இருக்கும். மேக்ரோ பிழைச்செய்தி எதையும் காட்டாமல், இப்போது 'சி'-யில் என்ன இருக்கிறதோ அதன்மேல் எழுதிவிட்டுப் போகும்.

தாளின் பெயரும் அப்படித்தான். 'பதிவு' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் சேர்ந்தாலும் மேக்ரோவின் கண்ணுக்கு அது வேறு தாள். முதல் பத்தியில் சொன்ன 9-ஆம் பிழையின் பொருள் அநேகமாக இதுவே: நீங்கள் சொன்ன பெயரில் இங்கே எதுவும் இல்லை.

இதற்கு மாற்று உண்டு. ஒரு கட்டத்துக்கோ பகுதிக்கோ பெயர் வைத்துவிட்டு நிரலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினால், நெடுவரிசை நகர்ந்தாலும் பெயர் கூடவே நகரும். தரவை 'டேபிள்' ஆக்கிவிட்டு, நெடுவரிசையை அதன் தலைப்பால் குறிப்பிடுவதும் அதே பலன் தரும். நிரலை யாரிடமாவது எழுதி வாங்குகிறவர் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டிய ஒரே விஷயம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நிரலைத் திறப்பதற்கு முன்

கோப்பை நகலெடுத்து, நகலில்தான் தேட வேண்டும். இது சம்பிரதாயமான எச்சரிக்கையாகத் தோன்றலாம், காரணம் திட்டவட்டமானது. எக்செலில் மேக்ரோ ஒருமுறை தாளில் எதையாவது மாற்றிவிட்டால், அதற்கு முந்தைய 'அன்டூ' வரலாறு முழுதும் அழிந்துவிடும். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் எதுவும் திரும்பாது.

அடுத்து மூன்று கேள்விகள். வேறொரு கணினியில் இதே கோப்பு ஓடுகிறதா? எல்லாப் பதிவுக்கும் நிற்கிறதா, சில பதிவுகளுக்கு மட்டுமா? கடைசியாக ஒழுங்காக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள்? முதல் கேள்விக்கு 'ஓடுகிறது' என்று பதில் வந்தால், சிக்கல் அந்தக் கணினியின் அமைப்பில் இருக்கிறது. சில பதிவுகளுக்கு மட்டும் நிற்கிறது என்றால் தரவில் இருக்கிறது. எல்லா இடத்திலும் எப்போதும் நிற்கிறது என்றால் தாளின் வடிவம் மாறியிருக்கிறது. ஒரு நிரலாளரை அழைத்தாலும் அவர் கேட்கப்போவது இவற்றைத்தான், அதற்கான பதில் அவரிடம் இருக்காது.

மேக்ரோ ஓடவே மறுத்தால் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோப்பை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்தால் மேக்ரோக்கள் கழன்றுவிடும். எக்ஸ்எல்எஸ்எம் வடிவில்தான் அவை தங்கும். 2007 பதிப்பிலிருந்து இப்படித்தான். மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்பு என்றால், 2022 முதல் மைக்ரோசாஃப்ட் அவற்றின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுத்து வைக்கிறது; மேலே சிவப்புப் பட்டையில் ஓர் எச்சரிக்கை வரும். கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, கீழே உள்ள 'அன்பிளாக்' கட்டத்தில் குறியிட்டால் போதும். இதற்காக எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கும் அமைப்பைப் போட்டுவிடக் கூடாது. 1999-இல் உலகெங்கும் மின்னஞ்சல் வழியே பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்ட் கோப்புக்குள் இருந்த மேக்ரோதான். அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

கோப்பை வேறு பெயரில் நகலெடுத்த பிறகு, பட்டன் இன்னும் பழைய கோப்பின் மேக்ரோவையே கூப்பிடுவது உண்டு. பட்டனை வலது சொடுக்கி 'அசைன் மேக்ரோ' பார்த்தால் முன்னால் பழைய கோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கணினி மாறியதும் 64-பிட் பற்றியும் 'பிடிஆர்சேஃப்' என்றும் ஒரு செய்தி வந்தால், நிரல் பழைய 32-பிட் எக்செலுக்காக எழுதப்பட்டது. அதைத் தெரிந்தவர் திருத்த வேண்டும். 'கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி' என்று வந்தால், நிரல் பக்கத்தில் 'டூல்ஸ்' பட்டியலின் 'ரெஃபரன்சஸ்' திறந்து, 'மிஸ்ஸிங்' என்று குறிக்கப்பட்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியைப் படமெடுத்து அனுப்பினாலே உதவி செய்கிறவருக்கு வேலை பாதியாகும்.

மஞ்சள் வரி

இனி 'டீபக்' பட்டன். பலர் இதை நிரலாளருக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். என் பார்வையில் மொத்த எக்செலிலும் நிரல் தெரியாதவருக்கு இதைவிட உதவும் பட்டன் இல்லை. அதை அழுத்தியதும் நிரல் பக்கம் திறந்து, ஒரு வரி மஞ்சளாகத் தெரியும். மேக்ரோ தடுக்கி விழுந்த இடம் அதுதான். அந்த வரியில் இருக்கும் ஆங்கிலச் சொற்களில் மேற்கோள்குறிக்குள் இருப்பவற்றை மட்டும் முதலில் படியுங்கள். அவை தாளின் பெயர்களாகவோ கட்டங்களின் முகவரிகளாகவோ இருக்கும். அந்த இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்தப் பெயரில் தாள் இருக்கிறதா? அந்தக் கட்டத்தில் எதிர்பார்த்ததுதான் இருக்கிறதா?

மஞ்சள் வரி நிற்கும்போதே, அதிலுள்ள ஒரு மாறியின் (நிரல் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) மேல் சுட்டியை வைத்துப் பொறுத்திருந்தால், அந்த நேரத்தில் அதற்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று சிறு பெட்டியில் தெரியும். வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தாலோ, பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, நீங்கள் பிழைக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

பிழைச்செய்தி எதுவும் வராமல் தவறான விடை மட்டும் வருகிறதென்றால் எஃப்8 விசை. நிரல் பக்கத்தையும் தாளையும் திரையில் பக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு, நகல் கோப்பில், மேக்ரோவின் தொடக்கத்தில் கர்சரை வைத்து எஃப்8-ஐ ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி ஓடும். மஞ்சளாக இருப்பது அடுத்து ஓடப்போகும் வரி, ஓடி முடிந்த வரி இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எந்த அழுத்தலில் தாளில் தப்பான மாற்றம் நிகழ்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒருவர் மெல்ல எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும். நான் முதன்முதலில் இப்படிப் பார்த்த நாளில்தான் மேக்ரோ என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும் வேலைகளின் பட்டியல் என்று எனக்கு உறைத்தது. அதுவரை அது ஒரு பூட்டிய பெட்டியாகவே இருந்தது. படிவத்துக்குள் (தரவை உள்ளிட மேக்ரோ திறக்கும் தனிச் சாளரம்) இருக்கும் நிரலென்றால், இடது ஓரத்தில் சொடுக்கியோ எஃப்9 அழுத்தியோ ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள். படிவத்தை வழக்கம்போல ஓட்டினாலும் அந்தப் புள்ளியில் வந்து நின்றுவிடும்.

பிழை எண்கள் முகவரி போன்றவை, எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று சொல்லும். 13 வந்தால் வகை பொருந்தவில்லை: எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து, அல்லது சூத்திரம் ஒன்று பிழைமதிப்பைத் தந்திருக்கிறது. 424 என்றால் படிவத்தில் யாரோ ஒரு பெட்டியின் பெயரை மாற்றியிருக்க அல்லது நீக்கியிருக்க வாய்ப்பு அதிகம். 1004 பலவற்றையும் போட்டு வைக்கும் மூட்டை. முதலில் தாள் பூட்டப்பட்டிருக்கிறதா, கட்டங்கள் 'மெர்ஜ்' செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

91 தனியாகப் பேசப்பட வேண்டியது. மேக்ரோ எதையோ தேடியது, கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்துவிட்டதாக எண்ணி அடுத்த வேலைக்குப் போனது என்பதே அதன் பொதுவான பொருள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயர் ஏன் கிடைக்கவில்லை? ஒரு காரணம் வெற்றிடம். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயரின் கடைசியில் சாதாரண வெற்றிடம்போலவே தோன்றும் 160-ஆம் குறியீட்டு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். 'ட்ரிம்' சூத்திரத்தால்கூட அது போகாது. 'லென்' சூத்திரத்தால் எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருப்பது தெரிந்துவிடும். இன்னொரு காரணம் யாருக்கும் எளிதில் தோன்றாதது. எக்செலின் 'ஃபைண்ட்' கட்டளை கடைசியாகத் தேடிய விதத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. காலையில் நீங்கள் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, 'முழுக் கட்டமும் பொருந்த வேண்டும்' என்று குறியிட்டுத் தேடியிருந்தால், மேக்ரோவில் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்காத பட்சத்தில், மதியம் மேக்ரோவும் அப்படியே தேடும். நிரலும் மாறவில்லை, தாளும் மாறவில்லை. நீங்கள் செய்த ஒரு தேடல்தான் அதன் போக்கை மாற்றியது.

6-ஆம் எண் 'ஓவர்ஃப்ளோ'. வருடக்கணக்கில் ஓடிய மேக்ரோ ஒருநாள் திடீரென இதைக் காட்டினால், முதலில் வரிசைகளை எண்ணுங்கள். வி.பி.ஏ.-வில் 'இன்டிஜர்' வகை மாறிக்குள் 32,767 வரைதான் கொள்ளும். அடுத்த வரிசையில் நிற்கும். 'இன்டிஜர்' என்று இருக்கும் இடத்தில் 'லாங்' என்று மாற்றினால் 200 கோடியைத் தாண்டியும் எண்ணும். நிரல் தெரியாதவர் துணிந்து கைவைக்கக்கூடிய திருத்தங்களில் இது ஒன்று.

வரம்பை மீறும்போது நிற்பதே நல்லது. நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் இங்கிலாந்து ஒரு பாடம் பெற்றது. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு, கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான். 2007-இல் வந்த புதிய வடிவத்தில் 10,48,576. பழைய வடிவத்தின் வரம்புக்கு மேல் வந்தவை விழுந்துபோயின. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் கணக்கில் ஏறாமலே போயிற்று, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

ஓசையில்லாத பிழைகள்

பெட்டி காட்டி நிற்கும் மேக்ரோவைவிட, எதுவும் நடக்காததுபோல் முடியும் மேக்ரோவை நான் அதிகம் அஞ்சுகிறேன். நிரலுக்குள் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். குறிப்பிட்ட ஒரு வரிக்கு மட்டும் அதைப் போட்டு உடனே விலக்கிக்கொள்வது முறை. மேக்ரோ முழுவதற்கும் தலையில் அதை வைத்திருந்தால், தோல்வி அடைந்த ஒவ்வொரு வரியும் மூடி மறைக்கப்படுகிறது. நகல் கோப்பில் அந்த வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள்குறி வைத்தால் அது செயலிழக்கும். பிறகு ஓட்டிப் பாருங்கள். இத்தனை நாள் புதைந்திருந்த பிழை எழுந்து நிற்கும்.

'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்ற வரி நிரலின் உச்சியில் இல்லையென்றால் இன்னொரு ஆபத்து. மாறியின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக அடித்தாலும் வி.பி.ஏ. முறையிடாது, அந்தத் தப்பான பெயரில் காலியான புதிய மாறி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். மொத்தம் எப்போதும் பூஜ்ஜியமாக வருகிறது என்பதுபோன்ற மர்மங்கள் பலவும் இங்கேதான் முடிகின்றன. அந்த வரியைச் சேர்த்துவிட்டு, 'டீபக்' பட்டியலில் 'கம்பைல்' அழுத்தினால் தப்பான பெயரிலேயே போய் நிற்கும்.

கட்டத்தில் எதையாவது மாற்றியதும் தானாக ஓட வேண்டிய மேக்ரோ மௌனமாகிவிட்டால், முந்தைய ஏதோ ஒரு மேக்ரோ அந்தத் தானியங்கி ஓட்டத்தை அனுமதிக்கும் 'எனேபிள் ஈவன்ட்ஸ்' அமைப்பை அணைத்துவிட்டு, திரும்பப் போடுவதற்குள் பாதியில் நின்றிருக்கும். எக்செலை முழுதாக மூடித் திறந்தால் சரியாகிவிடும். மூடித் திறந்ததும் சரியாகிறதே என்று விட்டுவிடாமல், எது பாதியில் நின்றது என்று தேட வேண்டும்.

படிவம் எழுதும்போது நடப்பது

தரவை நேராகத் தாளில் அடிப்பதற்கும் படிவம் வழியாக அடிப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. படிவத்தின் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' தருவது எப்போதும் எழுத்துச்சரம். நீங்கள் 250 என்று அடித்தாலும் அதற்கு அது 2, 5, 0 என்ற மூன்று எழுத்துகள். தாளில் எண்போல் தெரிந்தாலும், எழுத்தாகவே தங்கிவிட்டால் கூட்டல் சூத்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். அடையாளம் எளிது: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டும். மூலையில் பச்சை முக்கோணமும் வரும். ஒரே நெடுவரிசையில் சில வலத்திலும் சில இடத்திலும் நின்றால், தரவு இரண்டு வழிகளில் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

தொலைபேசி எண், அடையாள எண் போன்றவற்றுக்கு இதன் தலைகீழ். அவற்றை எண்ணாக மாற்றினால் முன்னாலுள்ள பூஜ்ஜியம் உதிரும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். ஒருமுறை போனால் அதை மீட்கவே முடியாது. கணக்குப் போடாத எண் எதுவானாலும் அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' வடிவத்தில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

தேதிதான் எல்லாவற்றிலும் வில்லங்கமானது. எக்செலுக்குத் தேதி என்பது ஒரு நாள் எண்ணிக்கை. 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 ஏப்ரல் 3 என்பது 45385. படிவத்தில் 03/04/2024 என்று அடித்து, மேக்ரோ அந்த எழுத்தை அப்படியே கட்டத்தில் வைத்தால், கணினியின் வட்டார அமைப்பு எப்படி இருந்தாலும், வி.பி.ஏ. வழியாக வரும் எழுத்தை எக்செல் அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று படிக்கிறது. ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்று அடித்தாலோ 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் அது சரியாக ஏறிவிடும், அல்லது எழுத்தாகத் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்களின் பதிவுகள் மட்டும் இடம்மாறிக் கிடக்கும், பிற்பகுதி சரியாகவோ எழுத்தாகவோ இருக்கும். இந்தக் கோலத்தைக் கண்டால் உடனே இதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். சந்தேகமிருந்தால் கட்டத்தின் வடிவத்தை 'ஜெனரல்' ஆக்கிப் பாருங்கள். 45385 என்றால் ஏப்ரல் 3, 45355 என்றால் மார்ச் 4. நிலையான தீர்வு, படிவத்தில் நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வாங்கி, வி.பி.ஏ.-வின் 'டேட்சீரியல்' கட்டளை மூலம் ஒரே தேதியாகச் சேர்ப்பது.

எக்செல் தானாகவே எதையோ தேதி என்று முடிவு செய்துகொள்வது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, தேதியாக மாறிக்கொண்டிருந்த பெயர்களையே மாற்றிவிட்டது. 'மார்ச்1' என்ற மரபணு 'மார்ச்எஃப்1' ஆனது. மைக்ரோசாஃப்ட் இந்த மாற்றத்தை நிறுத்தும் வசதியைப் பரவலாகத் தந்தது 2023-இல்தான்.

படிவத்தில் அடுத்த பெரிய கோளாறு, புதிய பதிவு எந்த வரிசையில் விழுகிறது என்பது. 'கடைசி வரிசையைக் கண்டுபிடி' என்பதற்குப் பெரும்பாலான மேக்ரோக்கள் செய்வது, ஒரு நெடுவரிசையின் அடியிலிருந்து மேலே ஏறி, முதலில் தட்டுப்படும் நிரம்பிய கட்டத்தில் நிற்பது. கன்ட்ரோலோடு மேல் அம்பு அழுத்துவதும் இதுவும் ஒன்றே. பார்க்கும் நெடுவரிசையில் யாராவது கடைசிப் பதிவைக் காலியாக விட்டிருந்தால் அந்தப் பதிவின்மேலேயே அடுத்தது எழுதப்படும். அந்த நெடுவரிசையில் கீழே வரை சூத்திரம் நீட்டி வைத்திருந்தால், விடை காலியாகத் தெரிந்தாலும் அது நிரம்பிய கட்டம்தான். புதிய பதிவு எங்கோ ஆயிரம் வரிசைக்குக் கீழே போய் உட்காரும், பதிவு காணாமல் போய்விட்டதாக நாம் தேடிக்கொண்டிருப்போம். எல்லாவற்றையும்விட மோசம் வடிகட்டி. 'ஃபில்டர்' போட்ட நிலையில் மேலே ஏறினால் மறைந்திருக்கும் வரிசைகள் மேக்ரோவின் கண்ணில் படுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் கடைசி வரிசைக்கு அடுத்தது காலி என்று எண்ணி, மறைந்திருக்கும் பழைய பதிவின்மேல் எழுதிவிடும். எந்தச் செய்தியும் வராது. படிவம் எழுதத் தொடங்குவதற்கு முன் வடிகட்டியை நீக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், அது சேர்க்கப்படும் வரை, படிவத்தைத் திறக்கும் முன் வடிகட்டியை நீங்களே எடுத்துவிடுங்கள்.

'டேட்டா வேலிடேஷன்' போட்டுவிட்டேனே, தப்பான மதிப்பு எப்படி வந்தது என்ற கேள்வியையும் அடிக்கடி சந்திக்கிறேன். அந்தக் காவல் விசைப்பலகையில் அடிப்பவருக்கு மட்டும்தான். மேக்ரோ எழுதும் மதிப்பையும் வேறிடத்திலிருந்து ஒட்டும் மதிப்பையும் அது தடுக்காது. ஒட்டும்போது அந்தக் காவலே அழிந்துவிடவும் கூடும். சோதனை படிவத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தமிழில் படிவம் வைப்போருக்குத் தனியாக ஒரு குறிப்பு. வி.பி.ஏ. நிரல் எழுதும் பக்கம் யூனிகோடை ஏற்காது. அதில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும், 'மெசேஜ் பாக்ஸ்' காட்டும் தமிழும் அப்படியே. ஆனால் படிவத்தின் பெட்டிகளும் தாளின் கட்டங்களும் தமிழை ஒழுங்காகக் காட்டும். ஆகவே தமிழ்ச் சொற்களை எல்லாம் தாளின் ஒரு மூலையில் எழுதி வைத்து, படிவத்தின் தலைப்புகள் அந்தக் கட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தால் போதும். தாளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருந்தாலும் நிரலில் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளுக்கும் உள்ளே 'ஷீட்1' என்பதுபோல மாறாத குறிப்பெயர் ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். நாம் மேலே தெரியும் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. 9-ஆம் பிழைக்கும் இதுவே மருந்து.

உதவி கேட்கும்போது

இன்று பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் மேக்ரோ எழுதி வாங்குகிறார்கள். நிரலை விளக்கச் சொல்லிக் கேட்கவும் அது பயன்படுகிறது. ஆனால் அதுவும் உங்கள் தாளைப் பார்த்ததில்லை. தலைப்பு முதல் வரிசையில் இருக்கும், தரவு 'ஏ' நெடுவரிசையில் தொடங்கும் என்று அது அனுமானித்துக்கொள்ளும். உங்கள் தாளில் தலைப்பு 4-ஆம் வரிசையில் இருந்தால் முதல் ஓட்டத்திலேயே தரவு குலையும். ஆளிடம் கேட்டாலும் கருவியிடம் கேட்டாலும் சொல்ல வேண்டியவை ஒன்றே: தாளின் சரியான பெயர், தலைப்பு இருக்கும் வரிசை, ஒவ்வொரு நெடுவரிசையிலும் இருக்கும் தரவின் வகை, பிழை எண், மஞ்சளாக நின்ற வரி, அந்த நேரத்தில் மாறிக்குள் இருந்த மதிப்பு. உண்மையான பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, இரண்டு மூன்று மாதிரி வரிசைகளைச் சேர்த்துக் கொடுங்கள். 'மேக்ரோ வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சில வேலைகளுக்கு மேக்ரோவே தேவைப்படாது. வரிசைகளை நிரப்ப ஒரு எளிய படிவம் மட்டும் வேண்டுமென்றால், எக்செலில் 'ஃபார்ம்' என்ற கட்டளை பல காலமாகவே இருக்கிறது; ரிப்பனில் தெரியாது, விரைவுக் கருவிப்பட்டையில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 32 நெடுவரிசைகள் வரை அது தாங்கும், ஒரு வரி நிரலும் வேண்டாம். பலர் ஒரே நேரத்தில் பதிவு போடும் இடங்களில் கூகுள் ஃபார்ம்ஸ் போன்றவை, ஒவ்வொரு பதிவையும் தனி வரிசையாகவே சேர்ப்பதால், மேலெழுதும் தொல்லை அங்கே இல்லை.

மேக்ரோ வைத்தே தீர வேண்டும் என்கிற கோப்புகளில் நான் இப்போது முதல் தாளாக 'குறிப்பு' என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். மேக்ரோ எந்தத் தாளை நம்பியிருக்கிறது, எந்த நெடுவரிசையில் எழுதுகிறது, எந்தப் பெட்டியின் பெயரைத் தொடக் கூடாது என்று நாலைந்து வரி. அதன்கீழ் தேதி போட்டு, யார் எதை மாற்றினார்கள் என்று ஒரு பட்டியல். போன முறை 9-ஆம் பிழை வந்தபோது நான் நிரலைத் திறக்கவே இல்லை. பட்டியலின் கடைசி வரியில், இரண்டு நாள் முன்பு ஒரு தாளின் பெயரில் வருடம் சேர்க்கப்பட்டதாக எழுதியிருந்தது.